பாதி வகுப்போடு போன பஸ்

என் கனகா அக்காவுக்கு,

மலையில் மழை பிடித்துவிட்டது. உங்கள் தம்பி பொன்னுசாமி அண்ணன் தோட்டத்தில் இந்த வருஷம் ஆரஞ்சு சுமார்தான், மிளகு பரவாயில்லை என்கிறார். வருகிற ஆடியோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் நினைவாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் வேலை பார்த்த அருங்காட்சியகத்தில் கேட்டார்கள்.

புகழ்ந்து எழுத எனக்கு வரவில்லை அக்கா. நீங்கள் போன பிறகு இங்கே நடந்ததை உங்களிடமே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உங்களைப் பார்த்தே இராதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே நடுநடுவே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை முதல்முதலாகப் பார்த்தபோது, சத்துணவைச் சோதிக்க வந்த அதிகாரி என்று நினைத்துக்கொண்டேன். சேர்வராயன் மலையில் தலைச்சோலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்த புதிது அது. எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அரசாங்க வேலை என்பதே பெரிய பயம். முட்டைக் கூடையைத் திறந்து வைத்துவிட்டு விறைப்பாக நின்றேன். நீங்கள் கூடையைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகளைக் கீழே கூட்டிக்கொண்டு போனால் அன்றைக்கு அவர்களுடைய மத்தியானச் சோறு என்ன ஆகும் என்று கேட்டீர்கள்.

எதற்குக் கீழே என்று கேட்டேன். சேலத்தில் அரசு மானியத்தில் நடக்கும் சின்ன அருங்காட்சியகம் ஒன்றில் கல்விப் பிரிவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். பிரிவு என்றால் நீங்கள் ஒருவர்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மலைப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வர அந்த வருஷம் கல்வி மானியம் கிடைத்திருந்தது. பஸ்ஸுக்குப் பணம் இருந்தது, நுழைவுச் சீட்டுக்கு இருந்தது, சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை. எங்கள் பள்ளியில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறுதான் அன்றைய சோறு. சுற்றுலா என்று அதற்கு முன்பும் யார் யாரோ வந்து பேசியிருக்கிறார்கள். சோற்றைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்.

அன்றிலிருந்து பஸ் வரும் நாளில் விடியும் முன்பே எலுமிச்சைச் சோறு கிளறி, இலையில் கட்டிக் கொடுப்பது என் வேலை ஆயிற்று. பள்ளியின் தலைமையாசிரியை அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. நீங்களும் நானும் அந்தப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டேதான் அக்கா தங்கச்சி ஆனோம்.

நீங்கள் மலைக்காரர் வீட்டுப் பெண். தலைமுறை தலைமுறையாக இங்கேயே சாமையும் பலாவும் காப்பியும் வைத்துப் பிழைக்கும் குடும்பம். நானோ ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பத்துப் பேத்தி. ஒரே பள்ளி, ஒரே பஸ் ஸ்டாப், ஒரே ரேஷன் கடை என்றாலும், மலைக்காரர்கள், எஸ்டேட்காரர்கள் என்று இரண்டு பேச்சு இங்கே உண்டு. அதை நீங்கள் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. எங்கள் லைன் வீட்டில் வந்து உட்கார்ந்து, கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவீர்கள்.

ஒவ்வொரு வருஷமும் அந்த மானியத்துக்காக நீங்கள் சென்னைக்கு எழுதிப் போட்டதும், அது வந்து சேருமா சேராதா என்று தவித்ததும் எனக்குத் தெரியும். இந்தத் திட்டத்தால் என்ன பயன் என்று அவர்கள் கேட்கும் இடத்தில் எதை எழுதுவது என்று என்னைக் கேட்பீர்கள். பிள்ளைகள் பார்த்தார்கள் என்று எழுதினால் போதாதா என்பேன். போதாது என்று சிரிப்பீர்கள். ஒரு வருஷம் அரசாங்கக் கணக்கில் கல்வி என்ற தலைப்பில் பணம் வரும், ஒரு வருஷம் சுற்றுலாத் தலைப்பில் வரும், ஒரு வருஷம் எதிலுமே வராது. அப்படி ஒரு வருஷத்தில் நான் சலித்துக்கொண்டபோது நீங்கள் சொன்னது இது: “காசு எந்தப் பேருல வந்தாலும் வாங்கிக்கோணும் கண்ணு. வாங்கி வெச்சுக்கிட்டுப் பொறவு சண்டை போட்டுக்கலாம்.”

உங்களுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகும் நீங்கள் மலைக்கு வருவதை நிறுத்தவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது, மானியத்தின் காலம் இந்த வருஷத்தோடு முடிகிறது, புதுசாகக் கேட்கவேண்டும் என்றீர்கள். அதை இப்போது ஏன் நினைக்கிறீர்கள் என்று கடிந்துகொண்டேன். வேறு எதைத்தான் நினைப்பது என்று கேட்டீர்கள். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் அக்கா?

நீங்கள் போன பிறகு உங்கள் நாற்காலிக்கு யாரையும் போடவில்லை. பிறகு, சின்ன வயசுப் பெண் ஒருவர் அருங்காட்சியகம் முழுவதற்கும் பொறுப்பாளராக வந்தார். பிள்ளைகள் பஸ்ஸைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்ததால் நானே ஒரு நாள் கீழே போய் அவரைப் பார்த்தேன். கல்வித் தலைப்பில் பணமே இல்லை, இந்த வருஷம் கூரை ஒழுகுவதைச் சரிசெய்ய மட்டும்தான் வந்திருக்கிறது என்றார். பொய் சொல்லவில்லை. அவர் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு வாளி வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்த மேடம் சும்மா இருக்கவில்லை. யார் யாரையோ கேட்டு, மலைக் குடியினர் நலத் தலைப்பில் பள்ளிப் பிள்ளைகளின் கல்விப் பயணத்துக்கு இடம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். கார்த்திகையில் உத்தரவு வந்தது. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் இந்த வருஷம் இரண்டு தடவை போகலாம். பஸ்ஸும் உண்டு, இந்தத் தடவை சாப்பாடும் உண்டு. தலைமையாசிரியை அதைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். மலைக் குடியினர் சான்றிதழ் உள்ள மாணவர்களுக்கு மட்டும் என்று இருந்தது.

எங்கள் பள்ளியில் அது சரிபாதி வகுப்பு. உங்கள் தம்பி மகள் தேன்மொழி போகலாம். அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் காவேரி போக முடியாது. காவேரியின் அம்மா ஜோதியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் லைனில் கடைசி வீடு. புருஷன் திருப்பூரில் வேலைக்கு இருக்கிறான், இவள் எஸ்டேட்டில் பழம் பறிக்கிறாள். காவேரி நான்காம் வகுப்புக்கு எப்போது போவேன் என்று இரண்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்த பிள்ளை. நான்காம் வகுப்பில்தான் அந்த பஸ் உண்டு என்பதால்.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு உங்கள் தம்பிதான் அப்போது தலைவர். காப்பிப் பழம் பறிக்கும் சீசன், எஸ்டேட் பெண்கள் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒரு வகுப்பில் பாதியைக் கூப்பிட்டுப் பாதியை விட்டுப்போகிற பஸ் எங்களுக்கு வேண்டாம், எல்லாருக்குமாகத் தரச்சொல்லி உத்தரவைத் திருப்பி அனுப்புங்கள் என்று ஜோதி சொன்னாள். எஸ்டேட் பெண்கள் அவள் பக்கம் நின்றார்கள்.

பொன்னுசாமி அண்ணன் உத்தரவைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, “கோவிச்சுக்காதீங்க. எங்க பேரச் சொல்லி ஒரு காசு வர்றதுக்கே எங்கப்பன் காலம் பூராம் அலைஞ்சாங்க. இத வேணாமுன்னு திருப்பி அனுப்பிச்சா, இங்க ஆருக்கும் வேண்டாமாட்ட இருக்குதுன்னு மூடிப் போடுவாங்க. பொறவு எங்க புள்ளைகளுக்கும் இல்ல, உங்க புள்ளைகளுக்கும் இல்ல” என்றார்.

அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஜோதி சொன்னதிலும் தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முதலில் வாங்கிக்கொள் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் காவேரி முகத்தைப் பார்த்துக்கொண்டும் சொல்லியிருப்பீர்களா?

கடைசியில் பஸ் போவது என்றே முடிவாயிற்று. பஸ் வந்த காலையில் பெயர் வாசித்து ஏற்றினார்கள். பெயர் வராத பிள்ளைகள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. வகுப்புக்குள் போய் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் இருக்கை காலியாகவே பஸ் கிளம்பியது. அன்று மத்தியானம் இருந்தவர்களுக்குச் சோறு போட்டேன். எப்போதும் முட்டையை முதலில் தின்கிற காவேரி அதைத் தட்டில் ஒதுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு மாலை ஜோதி என் வீட்டுக்கு வந்தாள். நீங்களும் அந்தக் கூட்டத்தில்தானே இருந்தீர்கள், ஒரு வார்த்தை பேசினீர்களா என்று கேட்டாள். உங்கள் மேல் எனக்கு அன்று கோபம் வந்தது அக்கா. சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, சண்டை போடுகிற நேரத்தில் நீங்கள் இல்லாமல் போனீர்களே என்று.

மறுநாள் காலை நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது பொன்னுசாமி அண்ணன் சத்துணவுக் கூடத்துக்கு வந்தார். பெற்றோர் சார்பில் பஸ்ஸில் கூடப் போனவர் அவர். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டேன். தேன்மொழி போகும்போதும் வரும்போதும் பக்கத்து இருக்கையில் பையை வைத்து, அது காவேரி இடம் என்று யாரையும் உட்கார விடவில்லையாம். வளைவில் பை கீழே விழ விழ எடுத்து வைத்துக்கொண்டே வந்தாளாம்.

“பஸ்ஸுக்கு முழுசாத்தான வாடகை குடுத்திருக்குது அம்மிணி? பாதி காலியா ஓடுனாலும் அதே காசுதான, ரொம்பி ஓடுனாலும் அதே காசுதான?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்ப எங்க காசு ஒண்ணும் கொறையப் போறதில்ல. எங்க காசு எங்க பேருலயே இருக்கட்டும். காலி சீட்டுல அந்தப் புள்ளைக உக்காந்து வர்றதுக்குக் கேட்டுப் பாக்கலாமா?”

எனக்கு ஏன் இது தோன்றாமல் போயிற்று என்று தெரியவில்லை. எஸ்டேட்காரர்கள் கேட்டால் மலைக்காரர் பங்கைக் கேட்பதாக ஆகிவிடும், அதனால் மனுவை நானே கொடுக்கிறேன் என்றும் அவரே சொன்னார். கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் திங்கட்கிழமை அவரும் தலைமையாசிரியையும் நானும் முதல் பஸ்ஸில் கீழே போனோம். அருங்காட்சியக மேடமும் வந்து சேர்ந்துகொண்டார்.

மனுவை வாங்கிய அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். காலி இருக்கை என்றாலும் அது அந்தத் தலைப்பின் பணம், தணிக்கையில் கேள்வி வரும் என்றார். கேள்வி வந்தால் நாங்களே வந்து பதில் சொல்கிறோம் என்று உங்கள் தம்பி பணிவாகத்தான் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டார். மேலே கேட்டுச் சொல்வதாக அனுப்பிவைத்தார்.

பதில் வர மார்கழி முழுவதும் ஆயிற்று. காலி இருக்கைகளில் அதே வகுப்புப் பிள்ளைகள் வரலாம், ஆனால் அவர்களுடைய சாப்பாடு, நுழைவுச் சீட்டு எதையும் இந்தத் தலைப்பில் எழுதக்கூடாது, ஊராட்சி தன் பொது நிதியிலிருந்து கொடுத்துக்கொள்ளட்டும் என்று வந்தது. ஊராட்சித் தலைவரைப் பார்த்தோம். கிராம சபையில் தீர்மானம் போட்டால் தரலாம் என்றார். குடியரசு தினத்தன்று கிராம சபை இருந்தது.

கிராம சபை என்று ஒன்று நடப்பது எங்கள் லைனில் எல்லாருக்கும் தெரியும். போய் உட்கார்ந்தவர்கள் குறைவு. அது மலைக்காரர்கள் கூட்டம் என்று ஒரு நினைப்பு. அன்றைக்கு நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். ஜோதி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பாதிக் கூட்டத்தில் பார்த்தால் காவேரியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறாள்.

பஸ் விஷயம் வந்ததும் மேல் ஊரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். அவர் ஊரில் குடிநீர்க் குழாய் உடைந்து பல மாதமாகப் பெண்கள் ஊற்றுத் தண்ணீர் சுமக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை, காட்சி பார்க்கப் பிள்ளைகளுக்கு ஊராட்சி சோறு கட்டிக் கொடுக்குமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூட்டத்தில் பாதி தலை ஆடியது. பொன்னுசாமி அண்ணனின் சொந்தக்காரர்கள் சிலரும், நமக்கு வந்ததை நாம் ஏன் பங்கு போட வேண்டும் என்று முணுமுணுத்தார்கள்.

பின்னாலிருந்து ஜோதி பேசினாள். முன்னே வந்து பேசச் சொன்னார்கள், வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, “தண்ணி வேணுமுங்க. தண்ணிக் கஷ்டம் எங்களுக்கும் தெரியுமுங்க. மொதல்ல தண்ணிக்கே எழுதுங்க” என்றாள். பிறகு சற்று நிறுத்தி, “அன்னிக்கு பஸ்ஸு போன பொறவு எம்புள்ள கேட்டாளுங்க, அம்மா நாம எந்தப் பேருல இருக்கறோம்னு. எங்காயா இந்த மலையிலதான் செத்துச்சு, எங்கம்மா இங்கதான் செத்துச்சு. எம்புள்ளைக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங்க. உங்கள்ல ஆருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க” என்றாள்.

அந்தப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குழாய்க்கு ஒரு தீர்மானம், பஸ்ஸுக்கு ஒரு தீர்மானம், இரண்டையும் எழுதுங்கள் என்று பொன்னுசாமி அண்ணன் சொன்னார். குழாய்த் தீர்மானம் முதலில் நிறைவேறியது. இரண்டாவதற்குக் கை தூக்கச் சொன்னபோது எஸ்டேட் பெண்கள் எல்லாரும் தூக்கினார்கள். மலைக்காரர்களில் சிலர் தூக்கவில்லை, பலர் தூக்கினார்கள். அந்தப் பெரியவர் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தினார். நான் இந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மாசியில் பஸ் இரண்டாவது தடவை வந்தது. பெயர் வாசிக்கவில்லை. இரண்டு வகுப்பும் தள்ளுமுள்ளாக ஏறி உட்கார்ந்தது. பள்ளியில் இருந்த மற்றப் பிள்ளைகளின் சோற்றைச் சமையலரிடம் விட்டுவிட்டு நானும் போனேன். பெற்றோர் சார்பில் ஜோதியும் பொன்னுசாமி அண்ணனும் வந்தார்கள். இறங்கும் வளைவுகளில் காவேரிக்கு வாந்தி. பொன்னுசாமி அண்ணன் வேட்டியெல்லாம் போயிற்று. “அழுவாத சாமி, மலையெறங்குனா செரியாப் போயிரும்” என்று முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். ஜோதிக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அருங்காட்சியகத்தில் உங்கள் வேலையை மேடமே செய்தார். உங்களைப் போல வராது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேகமாகப் பேசுகிறார், பிள்ளைகள் கேட்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுகிறார். ஆனால் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கவென்று நீங்கள் சேர்த்து வைத்த மரப்பெட்டியைத் திறந்து, பழங்காலக் கல் கோடாரியை எடுத்துக் கையிலேயே கொடுத்தார். வழவழவென்று தேய்ந்த அந்தக் கல்லைத் தேன்மொழி கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இது எங்கள் பிள்ளையார் கோயிலிலும் இருக்கிறது, நாங்கள் சாமி கும்பிடுகிறோம் என்று மலைப் பிள்ளைகள் சொன்னார்கள். உங்களிடமும் ஒவ்வொரு வருஷமும் அதைத்தானே சொல்வார்கள்.

காப்பித் தோட்டத்தைப் பற்றிய அறையில் ஜோதி நின்றுவிட்டாள். பழைய துரை பங்களாவின் படம், துரை உட்கார்ந்த நாற்காலி, பழம் எடை போடும் தராசு. ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, “பழம் பறிச்சவங்க படம் இல்லீங்களா மேடம்?” என்று கேட்டாள். குற்றம் சொல்லும் குரலில் இல்லை, தேடிக் கிடைக்காததைக் கேட்பது போல. மேடம் சுற்றிலும் பார்த்தார். இல்லைதான் என்றார். இங்கே கண்ணாடிக்குள் ஒரு பொருளை வைக்கக் குழு கூடி ஒப்புக்கொள்ள வேண்டும், நாள் ஆகும், ஆனால் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் பெட்டிக்கு யார் அனுமதியும் வேண்டாம், ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றார்.

சீசன் முடிந்ததும் ஜோதி தன் பழப் பையைத் துவைத்து, காயவைத்து என்னிடம் கொண்டுவந்தாள். இடுப்பில் கட்டிக்கொண்டு பழத்தை உருவிப் போடும் சாக்குத் துணிப் பை. எவ்வளவு துவைத்தும் கறை போகவில்லை என்று வருத்தப்பட்டாள். நான் அதைக் கீழே அனுப்பிவைத்தேன். இப்போது வேறு பள்ளிகளுக்குப் போகும்போது மேடம் அதைப் பிள்ளைகள் இடுப்பில் கட்டிவிட்டு, கூழாங்கல் நிரப்பி, இந்தக் கனத்தோடு ஒரு நாள் முழுக்கச் சரிவில் நின்று பாருங்கள் என்கிறாராம். இதில் அவர் வேகமாகப் பேசுவதில்லையாம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பங்கு கொடுத்துவிட்டார் என்று பொன்னுசாமி அண்ணன் மேல் சொந்தத்தில் கசப்பு. மேலாண்மைக் குழுவைத் திரும்ப அமைத்தபோது அவரைத் தலைவராகப் போடவில்லை. வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவில் வாழவந்தி ஊர்ச் சம்பந்தி வீட்டார் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வருத்தமா என்று கேட்டேன். “நொம்ப வருத்தந்தான் அம்மிணி. ஆனா மறுக்கா கேட்டாலும் அதேதான் செய்வேன்” என்றார். மேல் ஊர்க் குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். அந்தப் பெரியவர் இப்போது என்னைக் கண்டால் நின்று பேசுகிறார்.

ஊராட்சித் தீர்மானம் அந்த ஒரு பயணத்துக்கு மட்டும்தான். மலைக் குடியினர் தலைப்பில் இந்த வருஷம் பணம் உண்டா என்று இன்னும் சொல்லவில்லை. மலையில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கல்வி மானியம் கேட்டும், காலியாக இருக்கும் உங்கள் இடத்துக்கு ஆள் கேட்டும் மேடம் சென்னைக்கு எழுதியிருக்கிறார். என்ன பயன் என்று கேட்ட இடத்தில் என்ன எழுதினீர்கள் என்று விசாரித்தேன். கிராம சபைத் தீர்மானத்தின் நகலை வைத்துவிட்டேன் என்றார். பதில் வரவில்லை.

நேற்று மாலை ஜோதி வந்திருந்தாள். அடுத்த கிராம சபை ஆகஸ்ட் பதினைந்துதானே, இந்த வருஷ பஸ்ஸுக்கு மறுபடியும் கேட்க வேண்டும், லைனில் எல்லாரிடமும் இப்போதிருந்தே சொல்லி வைக்கலாம் என்றாள். காவேரி இப்போது ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பை எடுத்துக்கொள்ளப் போவதில்லை, போன வருஷம் போனவர்களை விட்டுவிட்டுப் புதுசாக நான்காம் வகுப்புக்கு வந்தவர்களைத்தான் கூட்டிப்போவது என்று பேச்சு அடிபடுகிறது. அதை அவளிடம் சொன்னேன். உன் பிள்ளைக்கு இந்தத் தடவை இடம் இருக்காது போலிருக்கிறது, தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியுமுங்க அக்கா. அவதான் போய்ட்டு வந்துட்டாளே. மத்ததுக போகோணுமில்லீங்களா?” என்றாள்.

அக்கா, சென்னையிலிருந்து என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாது. வரும்வரை ஒவ்வொரு கிராம சபையிலும் கேட்பேன். ஜோதிக்குப் பக்கத்தில் நின்று, இந்தத் தடவை நானும் வாயைத் திறந்து கேட்பேன். பஸ் எந்தப் பேரில் வந்தாலும் வாங்கிக்கொள்வோம், வந்த பஸ்ஸை ஒரு பிள்ளையையும் வகுப்பு ஜன்னல் வழியாக நின்று பார்க்க விடமாட்டோம்.

கூடப் பிறக்காவிட்டாலும் என்றைக்கும் உங்கள் தங்கச்சி,
மரகதம்
சத்துணவுக் கூடம், தலைச்சோலை